கசடு இட்ட மண்ணிலிருந்து இறங்கும் நீருக்கு என்ன பெயர்?

ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். 'லீச்சேட்' (leachate) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற என் கேள்விக்கு ஐயா எழுதியது:

> 'கசிவுநீர்' என்று நாளிதழ்களிலேயே வருகிறதே அம்மா. எல்லாருக்கும் புரிகிற சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

எனக்கும் அந்த ஆசைதான் ஐயா. நான் தமிழாக்குவது மாடித்தோட்டக்காரர்களுக்கான எட்டுப் பக்கத் துண்டறிக்கை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடை உரமாகப் போட்ட மண்ணில் மழை பெய்தால், அடியில் இறங்கி வரும் நீர் உயிர்களை என்ன செய்யும் என்பதுதான் விஷயம். கொடுங்கையூர், மூலக்கடை, வியாசர்பாடிப் பக்கம் கொடுக்கப் போகிறோம். முதல் பக்கத்தில் 'கசிவுநீர்' என்றுதான் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதல் சிக்கல் சின்னது. மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் அனுப்ப வெட்டும் குட்டைக்குக் 'கசிவுநீர்க் குட்டை' என்று பெயர் இருக்கிறது. அங்கே கசிவுநீர் கிணற்றை நிரப்பும் நல்ல நீர். நஞ்சு இருக்கிறதா என்று நாம் சோதிக்கும் நீருக்கும் அதே பெயரா?

பெரிய சிக்கல் வேறு. கசிவு என்றால் நீர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனது, அவ்வளவுதான். குழாயும் கசியும், கூரையும் கசியும். போகிற வழியில் எதை எடுத்துக்கொண்டு போனது என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. லீச்சேட்டில் அதுதான் முக்கியம். திடப்பொருளுக்குள் புகுந்து, கரையக்கூடியதைக் கரைத்து, கையோடு கொண்டுவரும் நீர் அது.

இதற்கு நம் வீட்டிலேயே உறவு இருக்கிறது: காபி ஃபில்டர். மேலே தூள், அதன்மேல் கொதிநீர், கீழே சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன். 'டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா?' என்றுதான் கேட்கிறோம். கசிந்துவிட்டதா என்று யாரும் கேட்டதில்லை. கீரையை வேகவைத்தாலும் சத்து தண்ணீரில் இறங்குகிறது. வினைச்சொல் கையிலேயே இருக்கிறது.

மொட்டைமாடியில் சும்மா ஒரு வேலை செய்து பார்த்தேன். ஆய்வு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரே செம்மண் போட்ட இரண்டு பைகள். ஒன்றில் மட்டும் கசடு உரம் கலந்தேன். அடியில் எவர்சில்வர் தட்டு, இரண்டுக்கும் அதே நாலு சொம்புத் தண்ணீர். வெறும் மண்ணிலிருந்து வந்தது முதலில் கலங்கல், தட்டில் சற்று நேரம் நின்றதும் தெளிந்துவிட்டது. கசடு கலந்த பையிலிருந்து வந்தது மறுநாள் காலையிலும் இரண்டாம் டிகாக்‌ஷன் நிறத்திலேயே நின்றது. நாற்றம் துளியும் இல்லை.

அந்தப் பழுப்பு, கரைந்த கரிமப் பொருள். கசட்டிலுள்ள செம்பு பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பயணம் செய்யும். நைட்ரேட்டுக்குத் துணையே வேண்டாம், நீரோடு நேரே போய்விடும். காட்மியம், துத்தநாகம், நிக்கல் மூன்றும் மண் புளிக்கப் புளிக்க, அதாவது அமிலத்தன்மை கூடக் கூட, அதிகம் இறங்கும். ஈயம் லேசில் கிளம்பாது. திருவொற்றியூர்ப் பக்கத்துக் கடலோர மணல் என்றால் எல்லாமே வேகம். களிமண் என்றால் நிறைய அங்கேயே பிடிபட்டு நிற்கும். ஆகவே 'காட்மியம் இறங்கியது, ஈயம் இறங்கவில்லை' என்று எழுத வசதி தருகிற சொல் வேண்டும். 'ஈயம் கசியவில்லை' என்று எழுதினால் மூடி இறுக்கமாக இருந்தது போலத் தோன்றுகிறது.

எண்ணூர்த் தம்பி சொன்ன 'ஊறுநீர்' பற்றி. முதலில் மயங்கித்தான் போனேன். ஊறி வருவதும் ஊறு, தீங்கும் ஊறு. ஒரே சொல்லில் இரண்டும். ஆனால் தம்பி, அதுவேதான் கோளாறு. துண்டறிக்கையில் இருப்பது நச்சுச் சோதனை. டாஃப்னியா என்ற குட்டி நீருயிரியை அந்த நீரில் 48 மணிநேரம் விட்டு எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுவார்கள். ஒளிரும் பாக்டீரியாவின் வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று 15 அல்லது 30 நிமிடத்தில் அளப்பார்கள். சில மண்ணிலிருந்து இறங்கிய நீரில் எல்லா உயிரும் பிழைத்துக்கொள்ளும். அப்போது 'ஊறுநீரில் ஊறு இல்லை' என்று எழுதுவோமா? தீர்ப்பைப் பெயரிலேயே எழுதிவிட்டால் அப்புறம் சோதனை எதற்கு? 'நச்சுக்கசிவு' என்பதையும் அதனால்தான் தள்ளினேன்.

என் பரிந்துரை: லீச்சேட் என்பதற்கு 'வடிசாறு'. அது அப்படிக் கரைத்துக்கொண்டு இறங்குவதை ஆங்கிலத்தில் லீச்சிங் என்கிறார்களே, அதற்குச் 'சாறிறங்கல்'. திட்டுவதானால் திட்டுங்கள்.

*

அம்மாவுக்கு வணக்கம்.

கசிவுநீரை விட்டுவிடுகிறேன். காபி ஃபில்டர் என்னை மடக்கிவிட்டது. வடிசாறு இலக்கணமாகவும் சரி. வடிகஞ்சி போல வினைத்தொகை. வடிந்த, வடிகிற, வடியும் சாறு என மூன்று காலத்துக்கும் பொருந்தும். ஆனால் சாறு என்றதும் எனக்குக் கரும்பும் எலுமிச்சையும்தான் நினைவுக்கு வருகின்றன. பெரம்பூர் மார்க்கெட் வாசலில் நின்று 'கசட்டு மண் வடிசாறு' என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்துக் கடைக்காரர் ஒரு கிளாஸ் போடட்டுமா என்பார். 'ஊறல்நீர்' என்றால் என்ன குறை? போலீஸ் 'சாராய ஊறல் அழிப்பு' என்று படம் போடுகிறார்களே, அதனால் தயங்குகிறீர்களா?

*

ஐயா,

சிரித்துவிட்டேன். சாராயத்துக்காக ஊறலை ஒதுக்கவில்லை. சித்த மருத்துவத்தில் 'ஊறல் குடிநீர்' என்று கௌரவமாகவே இருக்கிறது. சரக்கைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்து எடுப்பது. அதனால்தான் அந்தச் சொல்லை இன்னொன்றுக்காகப் பத்திரப்படுத்தினேன்.

ஆய்வகத்தில் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, குழாயில் மண்ணை அடைத்து மேலிருந்து நீர் விட்டு, கீழே இறங்குவதைப் பிடிப்பது. நம் ஃபில்டர். மற்றது, ஒரு பங்கு மண்ணைப் பத்துப் பங்கு நீரில் போட்டு 24 மணிநேரம் குலுக்கி வடிகட்டுவது, ஐரோப்பிய முறை. அமெரிக்க முறையில் ஒன்றுக்கு இருபது, 18 மணிநேரம், வெறும் நீருக்குப் பதில் அசிட்டிக் அமிலக் கரைசல். அது குப்பைமேட்டுக்குள் கழிவு கிடந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வகுத்தது, தக்காளித் தொட்டிக்காக அல்ல. குலுக்கியெடுத்த எண்ணை மழையில் இறங்கிய எண் மாதிரி எழுதுவது பெரிய தப்பு. ஆங்கிலத்திலேயே பலர் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறார்கள். நமக்குத்தான் பழைய பாக்கி எதுவும் இல்லையே. குலுக்கி எடுத்தது 'ஊறல்நீர்', தானே இறங்கியது 'வடிசாறு'. பிரித்தே வைப்போம்.

கிளாஸ் போடும் கடைக்காரர் விஷயம். குப்பை லாரி பிரேக் போட்டால் பின்னால் ஒழுகுமே ஒரு கறுப்புத் தண்ணீர், அதுவும் வடிசாறுதான். துண்டறிக்கையின் முதல் வரியிலேயே அந்தக் காட்சியை வைத்துவிட்டேன். அதன்பிறகு எலுமிச்சை நினைவு வந்தால் அது அவரவர் பாடு. இன்னொன்று, சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், பிழிந்து நீர் எடுத்த கசடை இன்றைக்கும் 'கேக்' என்றுதான் சொல்கிறார். 'இன்னிக்கு நாலு லோடு கேக் போச்சு' என்பார். அதையே ஏற்றுக்கொண்டவர்கள் சாறையும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஸ்லட்ஜுக்கு 'மண்டி' வேண்டும் என்றும் ஒரு மடல் வந்தது. நல்ல சொல்தான், ஆனால் காய்கறி மண்டி, அரிசி மண்டி என்று கடைத்தெரு முழுக்க அந்தப் பெயர்தான். கசடே இருக்கட்டும்.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், ஆறாம் பக்கத்தில் வரம்புகள் வருகின்றன. நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் வரை விடுகிறது. 1986-இன் ஐரோப்பிய நெறிமுறை கசட்டில் 20 முதல் 40 வரை. 1993-இன் அமெரிக்க விதியில் உச்சவரம்பு 85. மூன்றுமே திடப்பொருளில் இருப்பதைத்தான் அளக்கின்றன. அதில் எவ்வளவு கீழே இறங்கும் என்பது மண்ணையும் மழையையும் பொறுத்தது. கசட்டுக்கு ஒரு பெயர், இறங்கியதற்கு ஒரு பெயர் என்று தெளிவாக இல்லாவிட்டால், 'வரம்புக்குள் இருக்கிறது' என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு நம் ஆள் தொட்டித் தண்ணீரைக் கைப்பம்புப் பக்கமே ஊற்றுவார்.

நேற்று கீழ்வீட்டு அக்காவிடம் ஐந்தாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். வடிசாறு என்றால் என்ன என்று கேட்கவே இல்லை. 'அந்தச் சாறு கீரைக்குள்ளயும் ஏறுமா?' என்றுதான் கேட்டார். கீரைதான் காட்மியத்தை நன்றாக இழுக்கும் என்பதால் அதற்கு ஒரு பத்தி சேர்க்கிறேன்.

மிச்சம் டாஃப்னியாதான். 'நீர்த்தெள்ளு' என்று போட்டிருக்கிறேன். வேறு பெயர் இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.