ஏஞ்சல் மீனின் துடுப்பைக் கடிப்பது யார், யாரைப் பிரிப்பது?

சிறுசெவுள்:
90×45×45 செ.மீ. மீன் தொட்டி, கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நின்று குழாய் வழியே நீரைச் சுத்தம் செய்வது), வெப்பம் 27 டிகிரி. உள்ளே டைகர் பார்ப் 5, ஏஞ்சல் 2, நீல கவுராமி 1, கோரிடோராஸ் (அடிமண்ணைக் கிளறும் சிறு கெளுத்தி) 6. தண்ணீர்ச் சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம், நைட்ரேட் 20, அதாவது தண்ணீரில் குறை இல்லை. ஏஞ்சல்களில் சின்னதற்கு வயிற்றடியில் தொங்கும் நீள இழைகள் பாதியாகிவிட்டன, வால் ஓரமும் பிய்ந்திருக்கிறது. ஹீட்டர் மூலையில் தண்ணீர் மட்டத்திலேயே நிற்கிறது, தீனி போட்டாலும் வருவதில்லை. கவுராமி மீதுதான் சந்தேகம். அடிபட்டதைத் தனியே வைத்துத் தேற்றி, திரும்ப விட்டால் சரியாகுமா?

பாசிக்கல்:
அடிபட்டதை எடுத்தால் திரும்ப விடும்போது சிக்கல் கூடும். ஒரு வாரத்தில் மற்றவை அதன் இடத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். திரும்பி வருவது அவற்றுக்குப் புதுமீன்தான். எடுக்க வேண்டியது அடிக்கிற மீனை. சின்னது பக்கவாட்டில் சாய்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் யோசிக்காமல் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

கவுராமி மீது பழி போடும் முன் காயத்தைப் பாருங்கள். பார்ப் பின்னாலிருந்து வந்து ஒரு கொத்து கொத்திவிட்டு ஓடிவிடும். இழை நுனி போகும், துடுப்பு ஓரத்தில் பிறை போல ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். கவுராமி விலாவில் முட்டும், அங்கே செதில் உதிரும். நீங்கள் சொல்வது முதல் வகை. ஓரம் வெளுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் கரைந்தால் அது துடுப்பு அழுகல், அதற்கு வைத்தியம் வேறு.

நிச்சயப்படுத்திக்கொள்ள, விளக்கு போட்ட பிறகு அறையின் மறுகோடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள், தீனி போடாமல். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றால் எல்லாம் முன்னால் திரண்டு வந்து நல்லபிள்ளை வேஷம் போடும்.

நீரோட்டம்:
பார்ப் 5 என்பது குறைவு. அது கூட்டமாக வாழும் மீன், கூட்டத்துக்குள்ளேயே யார் பெரியவன் என்ற தள்ளுமுள்ளு ஓயாமல் நடக்கும். எண்ணிக்கை குறைந்தால் அந்த வேகம் பக்கத்து மீன்மேல் திரும்பும். 10 ஆக்குங்கள். புதியவற்றை 3 வாரம் தனியே வைத்துக் கவனித்துவிட்டு ஒரே தடவையில் விட வேண்டும். ஒன்று, இரண்டாக விட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக உதை வாங்கும்.

பாசிக்கல்:
பார்ப் மட்டும் உள்ள தொட்டிக்கு இது சரி. ஏஞ்சல் இருக்கும் இடத்தில் நான் சொல்லமாட்டேன். கூட்டம் பெருகினால் கொத்து குறையும், நிற்காது. கண்முன்னால் மெதுவாக ஆடும் நீள இழையை டைகர் பார்ப் சும்மா விடாது. உள்ளே போகும் மண், மரம் போக உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 150 லிட்டர்தான் நிற்கும். அதில் மேலும் 5 சேர்ப்பது நெருக்கடி. பார்ப் வேண்டுமா, ஏஞ்சல் வேண்டுமா என்று முடிவு செய்துவிடுவது நல்லது.

சிறுசெவுள்:
பார்த்தேன். பார்ப் கொத்துவது உண்மை. ஆனால் சின்னது மூலையை விட்டு வெளியே வந்ததும் விரட்டி உள்ளே தள்ளுவது பெரிய ஏஞ்சல். ஃபில்டரின் உறிஞ்சு குழாயை வாயால் சுரண்டிக்கொண்டே வேறு இருக்கிறது. கவுராமி தன் பாட்டுக்குத் திரிகிறது.

வேர்மண்:
அப்படியானால் இரண்டு சண்டை கலந்து கிடக்கிறது. துடுப்பைக் கடித்தது பார்ப், மூலையில் அடைத்தது ஏஞ்சல். பார்ப்பை வெளியேற்றினாலும் சின்னது மூலையிலேயேதான் நிற்கும்.

குழாயைச் சுரண்டுவது முட்டை இட இடம் துடைப்பது. ஆசனவாய்க்குப் பக்கத்தில் சின்னக் குழல் நீட்டியிருக்கிறதா பாருங்கள்: மெலிந்து கூராக இருந்தால் ஆண், தடித்து மழுங்கலாக இருந்தால் பெண். முட்டையிடும் காலம் தவிர மற்ற நாளில் தெரியாது, உடல் வடிவை வைத்துச் சொல்வதெல்லாம் ஊகம். சின்னது பெண் என்றால் அது இன்னும் தயாராகாததால் ஆண் விரட்டலாம், ஜோடி சேர வாய்ப்புண்டு. இரண்டும் ஆண் என்றால் 90 செ.மீ. நீளத்தில் ஒத்துப்போவது கடினம், ஒன்றை வேறு தொட்டிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இப்போதைக்கு நடுவில் தடுப்பு. விளக்குகளுக்கு அடியில் பொருத்தும் வெள்ளை பிளாஸ்டிக் கட்டத் தகடு போதும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் 3 செ.மீ. உயரம் வைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் தாண்டும். பசை வேண்டாம், ரப்பர் உறிஞ்சியால் பிடித்தால் போதும். அடிப்பக்கம் மண்ணில் புதைய வேண்டும், இல்லையென்றால் கோரிடோராஸ் தோண்டி வழி பண்ணிவிடும். பலர் தவறுவது இங்கேதான்: ஃபில்டரின் உறிஞ்சு குழாயும் வெளிவிடும் குழாயும் ஒரே பக்கம் இருந்தால் மறுபக்கம் நீர் தேங்கும், ஹீட்டர் சூடும் போகாது. ஒன்றை இடப்பக்கம், மற்றதை வலப்பக்கம் மாற்றுங்கள். பெரிய ஏஞ்சலும் பார்ப்பும் ஒரு பக்கம், சின்னது கவுராமியோடு மறுபக்கம்.

வெப்பத்தை ஒரே நாளில் இறக்காமல் 25.5க்குக் கொண்டுவாருங்கள், வேகம் கொஞ்சம் தணியும். உப்பு போடாதீர்கள், கோரிடோராஸ் தாங்குவது குறைவு. வாரம் இருமுறை 30 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே வால் ஓரம் வளரும். இழைகள் அடியோடு போயிருந்தால் கோணலாக வளரலாம்.

10 நாள் கழித்து, சின்னது நன்றாகத் தின்கிறது என்றால், மரம், கல், செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லைக் குறி எதுவும் மிஞ்சக் கூடாது. ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறுகோடி தெரியாதபடி உயரமான செடியோ மரமோ நடுவில் வர வேண்டும். விளக்கை அணைத்த பிறகு தடுப்பை எடுங்கள், மறுநாள் காலை தீனியை இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். மூன்று நாளுக்குள் சின்னது மறுபடி ஹீட்டர் மூலைக்குப் போனால் திரும்பவும் முயல வேண்டாம், ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.