போலிண்டர் எஞ்சினை நெருப்பில் காய்ச்சுவது ஏன்?

கேள்வி: பழைய இங்கிலாந்து கால்வாய்ப் படகு ஒன்றில் ஸ்வீடன் போலிண்டர் எஞ்சின். ஸ்டார்ட் பண்ணும் முன் சிலிண்டர் தலையை ப்ளோ லாம்ப்பால் காய்ச்சுகிறார்கள். எதுக்கு?

பதில் (முன்னாள் கப்பல் எஞ்சினியர்): அது ஹாட் பல்ப் எஞ்சின், தம்பி. சிலிண்டர் தலையில் இருக்கும் இரும்புக் குமிழைத்தான் பல்ப் என்கிறோம். அமுக்கம் குறைவு, அந்த அமுக்கத்தால் வரும் சூட்டில் மட்டும் எண்ணெய் தானாகப் பற்றாது. பல்ப் நன்றாகப் பழுக்கணும். ஓட ஆரம்பித்தால் தன் சூடே போதும், விளக்கை அணைத்துவிடலாம்.

இன்னொருவர்: கியர் இல்லாமலே ரிவர்ஸ் போகுமாமே?

பதில்: போகும். டூ ஸ்ட்ரோக், எந்தப் பக்கமும் சுற்றும். வேகத்தைக் குறைத்து, நிற்கப்போகிற நேரத்தில், பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே எண்ணெயைப் பீச்சினால் உதைத்துத் திரும்பிவிடும். காதுதான் மீட்டர்! எனக்கு வாய்த்தது லைஃப்போட்டில் இருந்த லிஸ்டர் டீசல் எஞ்சின்தான். அமுக்கத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஹேண்டிலைச் சுற்றி, வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டி இறக்கணும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வை, எதிர்த்து உதைத்தால் முறிந்துவிடும் என்று செகண்ட் எஞ்சினியர் கத்துவார்.