லொகேஷன் போடலாமா?

வியாழக்கிழமை இரவு

காலேஜ் தம்பி (9.04): எல்லாருக்கும் வணக்கம். என் டிபார்ட்மென்ட்ல பத்துப் பன்னெண்டு பேரு, நாம ராத்திரி நட்சத்திரம் பாக்கப் போற ஜவ்வாது மலை இடத்தைக் கேக்குறாங்க. சனிக்கிழமை அவங்களே கார்ல வந்துடுவாங்களாம். லொகேஷன் போடலாமா?

போட்டோ தம்பி (9.05): வேணாம்பா, ப்ளீஸ்.

போட்டோ தம்பி (9.08): போன தடவை நீ வரல. ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டத்தைப் படம் எடுத்துட்டு இருந்தேன், ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு நிமிஷம். வழி தெரியாம ஒரு கார் மேல ஏறி வந்து, ஹைபீமை நம்ம பக்கமே வெச்சுத் திருப்பினாங்க. அந்த ஃப்ரேம் எல்லாம் வெள்ளையா போச்சு. கார் இறங்கின பிறகும் கண்ணு பழக அரைமணி நேரம் ஆச்சு. டெலஸ்கோப் கிட்ட வரிசையில நின்ன சின்னப் பசங்க ஒண்ணும் பாக்காமலே தூங்கப் போயிட்டாங்க.

வேன் அண்ணன் (9.10): ஆமா. எனக்கும் அன்னிக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. நம்ம பசங்க மாசம் பூரா காத்துக்கிட்டு இருந்து வர்றாங்க.

காலேஜ் தம்பி (9.11): அண்ணா, ஆனா மலை எல்லாருக்கும் பொதுதானே? நாம மட்டும் வெச்சுக்கறது சரியா?

டீச்சர் (9.20): தம்பி கேக்குறது நியாயம். ஒளிச்சு வெச்சா இடம் பத்திரமா இருக்கும்னு நான் நம்பல. அந்த மேட்டை நமக்கே இன்னொருத்தர் கூட்டிட்டுப் போய்தான் காட்டினாங்க. ஆனா ஒண்ணு யோசி. லொகேஷன் அனுப்பினா இடம் மட்டும்தான் போய்ச் சேரும். அங்க எப்படி இருக்கணும்ங்கறது கூடப் போகாது. அது பக்கத்துல நின்னு கத்துக்கற விஷயம்.

காசிமேடு மாமா (9.26): நானும் ஒண்ணு சொல்றேன்பா. கடல்ல நல்லா மீன்பாடு இருக்குற இடம் யாருக்கும் சொந்தம் இல்ல. அதுக்காக கரையில நின்னுகினு கூவியும் சொல்ல மாட்டோம். கத்துக்க வர்ற பையனை போட்ல ஏத்திக் கூட்டிக்கினு போவோம். எங்க அப்பா என்னை அப்பிடிதான் கூட்டிக்கினு போனாரு. மீனும் காட்டினாரு, மேல இருக்குற வெள்ளியும் காட்டினாரு.

போட்டோ தம்பி (9.27): மாமா சொன்ன மாதிரி செஞ்சா எனக்கும் சம்மதம். முதல் தடவை யார் வந்தாலும் நம்ம வண்டியில வரட்டும்.

வேன் அண்ணன் (9.29): இல்லன்னா மலை அடிவாரத்துல ஆலங்காயத்துல நின்னு, நம்ம வேன் பின்னாடியே ஏறட்டும். நானே மெதுவா ஓட்டுறேன்.

காலேஜ் தம்பி (9.31): அப்ப சரி. அவங்களுக்கு முன்னாடியே சொல்லிடறேன், என்னென்ன சொல்லணும்?

வேன் அண்ணன் (9.40): வண்டியைப் பத்தி நான் சொல்றேன். பொழுது சாயறதுக்குள்ள மேல வந்துடணும். வண்டி மூஞ்சி ரோட்டைப் பாத்து நிக்கணும், அப்பதான் நடுராத்திரியில கிளம்பினாலும் ரிவர்ஸ் எடுக்க வேண்டியதில்ல, பின்னாடி வெள்ளை லைட் எரியாது. கதவைத் தெறந்தா உள்ள லைட் எரியும், அதை முன்னாடியே ஆஃப் பண்ணிடணும். ரிமோட்ல லாக் பண்ணாதீங்க, நாலு இண்டிகேட்டரும் அடிக்கும். சாவியைப் போட்டுப் பூட்டுங்க. டிக்கியில இருக்குற சாமானை வெளிச்சம் இருக்கும்போதே எடுத்து வெச்சிடுங்க. புதுசா வர்றவங்க இந்த டிக்கி லைட்டைத்தான் மறந்துடுவாங்க.

போட்டோ தம்பி (9.43): டார்ச்சுக்கு சிவப்பு கண்ணாடிப் பேப்பர் ரெண்டு மூணு மடிப்பு. சிவப்பா இருந்தா மட்டும் போதாது, மங்கலாவும் இருக்கணும். போன் ஸ்க்ரீனை முழுசா சிவப்பாக்க செட்டிங்ஸ்ல வழி இருக்கு, வேன்லயே எல்லாருக்கும் மாத்திக் குடுக்கறேன். பச்சை லேசர் கையில இருக்கறவங்க கேக்காம அடிக்கக் கூடாது. விமானம் போற பக்கம் எப்பவுமே கூடாது.

டீச்சர் (9.50): ஏன் சிவப்புன்னு கேப்பாங்க, சொல்லி வை. மங்கின வெளிச்சத்துல பாக்கறதுக்குன்னு நம்ம கண்ணுல தனி செல் இருக்கு. அதுல ரொடாப்சின்னு ஒரு நிறமி. பளிச்னு வெளிச்சம் பட்டதும் அது சிதைஞ்சிடும். திரும்பச் சேர இருபது முப்பது நிமிஷமாவது ஆகும். ஆழ்ந்த சிவப்பை அந்த செல் அவ்வளவா உணராது, அதனால நிறமியும் தப்பிச்சுக்கும். காரணம் தெரிஞ்சவங்க தானாவே லைட்டை அணைப்பாங்க. வெறும் உத்தரவு போட்டா எரிச்சல்தான் வரும்.

வெள்ளிக்கிழமை காலை

பாப்பா அம்மா, வியாசர்பாடி (7.15): டீச்சர், வணக்கம். நேத்து எல்லாம் படிச்சேன். ப்ளஸ் ஒன் படிக்கற பாப்பா வரணும்னு ஒரே பிடிவாதமா இருக்கா. அவங்க அப்பா, நம்ம மாடியில தெரியாதது அங்க என்ன தெரியப் போகுது, அஞ்சு மணி நேரம் வேன்ல போகணுமான்னு கேக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்?

டீச்சர் (7.40): நல்ல கேள்வி. அவருகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டுங்க.

நிலாவுக்கும், வியாழன், சனிக்கும் மலை தேவையில்ல. அதெல்லாம் வியாசர்பாடி மாடியிலயே அருமையாத் தெரியும், தெரு லைட்டால பெரிசா ஒண்ணும் குறையாது. ஆனா விண்மீன் கூட்டம், பால்வீதி, தூரத்து கேலக்ஸி எல்லாம் மங்கலாப் பரவிக் கிடக்குற வெளிச்சம். நம்ம பக்கம் துறைமுகம், எண்ணூர், மணலி வெளிச்சமெல்லாம் கடல் ஈரத்துலயும் தூசியிலயும் பட்டுச் சிதறி வானத்தையே சாம்பலாக்கிடுது. அந்தச் சாம்பல்ல மங்கினது எல்லாம் கரைஞ்சிடும். டெலஸ்கோப் பெருசா வாங்கினாலும் சாம்பலும் சேர்ந்தே பெருசாகும்.

பாப்பா பாக்க வேண்டியது ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்துல ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரம் ஒரே பந்தா சேர்ந்து இருக்கு. நம்ம பால்வீதியைச் சுத்துற இந்த மாதிரிப் பந்துகள்ல இதுதான் பெரிசு. சித்திரை மாசம் நடுராத்திரியை ஒட்டி நேர் தெற்கே 30 டிகிரி உயரத்துல வரும். மலையில வெறும் கண்ணுக்கே ஒரு மங்கின பஞ்சாத் தெரியும். நம்ம எட்டு இஞ்ச் டாப்சோனியன் டெலஸ்கோப்ல பாத்தா பொடிப்பொடியாப் பிரிஞ்சு நிக்கும். முதல் தடவை பாக்கற குழந்தைங்க பேச்சை நிறுத்திடறதை நானே பாத்திருக்கேன். லண்டன்ல இருக்கறவங்களுக்கு இது அடிவானத்துக்கு மேலயே வராது. நமக்குக் கிடைச்ச வானம் இது.

காசிமேடு மாமா (7.52): அதுக்கு முன்னால பதினோரு மணிக்கு தெற்கால தாழ சிலுவை மாதிரி ஒரு நட்சத்திரக் கூட்டம் நிக்கும், பாப்பாவுக்குக் காட்றேன். ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்ன அதைப் பாத்து திசை வெச்சிருக்கோம். இப்ப கரையில நின்னா தெரியவே மாட்டேங்குது. வெகுதூரம் கடல்ல போனாத்தான் தெரியும். மலையில அதைத் திரும்பப் பாத்தப்ப எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு.

பாப்பா அம்மா (7.58): படிச்சதும் எனக்கே வரணும் போல இருக்கு. பொம்பளைங்களுக்கு பாத்ரூம் வசதி? ராத்திரி பயம் இல்லையா?

டீச்சர் (8.05): நீங்களும் வாங்க. நிலத்துக்கார அண்ணன் வீடு பக்கத்துலயே இருக்கு, கழிப்பறை இருக்கு, அந்த அக்கா ராத்திரி கூடவே உக்காந்திருப்பாங்க. நாம காட்டுக்குள்ள இறங்கறதே இல்ல, அவங்க சாமை அறுத்த நிலத்துலதான் இருப்போம். போன தடவை நாலு பொம்பளைங்க, ரெண்டு பாட்டி வந்தாங்க.

அந்த அக்காவைப் பத்தி எல்லாரும் தெரிஞ்சுக்கணும். நாம வர்ற ராத்திரி வாசல் பல்பை அணைச்சு வெச்சிடறாங்க. பக்கத்து ரெண்டு வீட்டுலயும் சொல்லி அணைக்க வைக்கிறாங்க. அந்த இருட்டு நமக்காக அவங்க விட்டுக் குடுக்கறது. அதனால புதுசா வர்றவங்க முதல்ல போய்ப் பேச வேண்டியது அவங்ககிட்டதான். முதல் முறை டெலஸ்கோப்ல பாக்கற வாய்ப்பும் அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான்.

வேன் அண்ணன் (8.07): சாப்பாடும் அவங்ககிட்டயே சொல்லிடறேன். வெளியில வாங்கி எடுத்துட்டுப் போக வேணாம். குப்பை எல்லாம் திரும்ப வேன்ல ஏத்திடணும்.

காலேஜ் தம்பி (8.30): டீச்சர் அக்கா, லடாக்ல ஹான்லேவுக்கு 2022-ல இருண்ட வான் காப்பகம்னு அறிவிச்சாங்கள்ல. அங்க ஊர்க்காரங்களுக்கே டெலஸ்கோப் குடுத்துப் பழக்கி, வர்றவங்களுக்கு அவங்களே வானத்தைக் காட்டுறாங்களாம். நம்ம மலையிலயும் அந்த மாதிரி செய்யலாமே?

டீச்சர் (8.41): இதைத்தான் நான் ரொம்ப நாளா நினைச்சிட்டு இருக்கேன். நிலத்துக்கார அண்ணன் பையன் பத்தாவது படிக்கறான். நம்மகிட்ட சும்மா கிடக்குற நாலரை இஞ்ச் டெலஸ்கோப்பை அங்கயே விட்டுட்டு வரலாம். ஒரு வருஷத்துல அவன் நம்மளை விட நல்லாக் காட்டுவான். இருட்டு காப்பாத்தறதுல பலன் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சா, புதுசா போடற தெரு லைட்டைக் கீழ்ப்பக்கம் மட்டும் அடிக்கற மாதிரி மூடி போட்டு வைங்கன்னு பஞ்சாயத்துல அவங்களே கேப்பாங்க. சென்னையில இருந்து போற நாம கேட்டா எடுபடாது.

காவலூர் வானாய்வகம் அதே மலையில இருக்கறதும் சும்மா இல்ல. 1960-கள்ல வானியலாளர் வைணு பாப்பு அந்த மலையைத் தேர்ந்தெடுத்தாரு. இருட்டு ஒரு காரணம், தெற்கு வானம் நல்லாத் தெரியறது இன்னொரு காரணம். 1986-ல 2.34 மீட்டர் டெலஸ்கோப் வந்துச்சு. 1988-ல ராஜமோகன் அங்க இருந்து கண்டுபிடிச்ச குறுங்கோளுக்கு ராமானுஜன் பேரு வெச்சாங்க. இப்ப வடக்கே ஆம்பூர், வாணியம்பாடி வெளிச்சம் அடிவானத்துல வெளுப்பாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. தெற்கு இன்னும் நல்லா இருக்கு. இருக்கும்போதே பாத்துக்கணும்.

போட்டோ தம்பி (8.50): நுங்கம்பாக்கம் கதையைச் சொல்லுங்க அக்கா. புதுசா சேந்தவங்களுக்குத் தெரியாது.

டீச்சர் (9.02): நுங்கம்பாக்கத்துல 1792-ல இருந்தே வானாய்வகம் இருந்துச்சு. 1861-ல போக்சன்ங்கற வானியலாளர் அங்க இருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சு ஆசியான்னு பேரு வெச்சாரு. அங்கேயே வேலை பாத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல அவர் கண்டுபிடிச்சது ஆர் ரெட்டிகுலின்னு ஒரு மாறொளி விண்மீன். அது நம்ம ஊர்ல தெற்கு அடிவானத்துல இருந்து அதிகபட்சம் 14 டிகிரிதான் ஏறும். அவ்வளவு தாழ இருக்குற மங்கின நட்சத்திரம் கூடிக் குறையறதை நுங்கம்பாக்கத்துல உக்காந்து கவனிச்சிருக்காரு. அப்ப சென்னை வானம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தண்டையார்பேட்டையில இருந்தவங்களும் அந்த வானத்தைத்தான் பாத்திருப்பாங்க. நம்ம பிள்ளைங்க அதைப் பாக்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல போக வேண்டியிருக்கு. அதனாலதான் நம்ம பேட்டைப் பசங்களை எத்தனை பேரை முடியுமோ அத்தனை பேரைக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்றேன்.

காசிமேடு மாமா (9.06): நல்லா சொன்னம்மா.

பாப்பா அம்மா (9.15): அவரு படிச்சாரு டீச்சர். நாங்க ரெண்டு பேரும் வர்றோம். பாப்பா கேக்குறா, மங்கின பொருளை ஓரக்கண்ணால பாக்கணும்னு படிச்சாளாம், அது நிஜமா?

டீச்சர் (9.18): நிஜம். மங்கின வெளிச்சத்தை உணர்ற செல் கண்ணோட நடுவுல இல்ல, சுத்தித்தான் நிறைய இருக்கு. நேரா முறைச்சா மறைஞ்சிடும், கொஞ்சம் தள்ளிப் பாத்தா வந்துடும். இன்னிக்கு ராத்திரி மாடியில பழகச் சொல்லுங்க. வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரத்துல இருக்கும், வால் பக்கத்துல நடு நட்சத்திரம் வசிஷ்டர். பக்கத்துல அருந்ததி தெரியுதான்னு பாக்கட்டும். பைனாகுலர் வேணும்னா என்கிட்ட வாங்கிக்கலாம்.

காலேஜ் தம்பி (9.24): என் பசங்கள்ல அஞ்சு பேரு நம்ம வேன்லயே வர்றாங்க. மத்தவங்க ஒரே கார், ஆலங்காயத்துல நாலு மணிக்கு நிப்பாங்க. லொகேஷன் யாருக்கும் போடல.

போட்டோ தம்பி (9.25): நன்றிடா தம்பி. உன் பசங்கள்ல ஒருத்தரை என் பக்கத்துல உக்கார வை, படம் எடுக்கறதைச் சொல்லித் தர்றேன். படம் எடுக்கறவங்க எல்லாம் மேல் மேட்டுக்குப் போயிடறோம். கீழ்ப் பக்கம் பாக்கறவங்களுக்கு.

வேன் அண்ணன் (9.32): சரி, முடிவு. நாளைக்குக் காலையில 10 மணிக்கு பெரம்பூர் ஸ்டேஷன் வாசல். மதியச் சாப்பாடு வேலூர் தாண்டி. காடா விளக்கு, பட்டாசு, ஸ்பீக்கர் எதுவும் வேணாம். போர்வை ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு மணிக்கு மேல பால்வீதி நடுப்பகுதி ஏறும்போது குளிரும். இன்னும் மூணு சீட் இருக்கு, சாயங்காலம் ஆறுக்குள்ள சொல்லிடுங்க. நிலத்துக்கார அக்காவுக்கு எத்தனை பேருக்குச் சோறுன்னு சொல்லணும்.