மை எழுதும் இடம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரியில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு 9 ஆண்டுகளாகப் பேருந்தில் போய்வருகிறேன். இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அந்தப் பயணத்தில், சன்னலோர இருக்கை கிடைத்தால் காற்றும் தூசியும், கிடைக்காவிட்டால் நெரிசலும் வியர்வையும் கண் மையைப் பதம் பார்த்துவிடும். காலையில் கண்ணாடி பார்த்து எழுதிய கோடு, நான் போய்ச் சேரும்போது கீழிமைக்கு அடியில் சாம்பல் பட்டையாக இறங்கியிருக்கும். "ராத்திரி தூங்கலையாக்கா?" என்று யாராவது கேட்காத வாரம் அபூர்வம். கரையாத மையைத் தேடி நான் வாங்கியவை பல. அவற்றுள் பெரும்பாலானவை குற்றமற்றவை என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் மை என்றால் அம்மா கூட்டும் மைதான். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து, நிழலில் உலர்த்தி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்றி, மேலே ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பார். தட்டில் படிந்த கரியை மறுநாள் சுரண்டி, மீண்டும் விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்பார். அந்தக் கருமை எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் எண்ணெயில் குழைத்த மை உடல் சூட்டில் இளகும் என்பதால், அது பேருந்துப் பயணத்துக்கு ஆகாது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "மை கரையுதுன்னா கண்ணு குளிர்ச்சியா இருக்குன்னு அர்த்தம்டி" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஆகவே கடை மைக்கு மாறினேன். முதலில் திருகினால் மேலே வரும் மைக்குச்சி, பிறகு ஜெல் பென்சில், பிறகு தூரிகையால் எழுதும் திரவ ஐலைனர், கடைசியாக நீர்புகாது என்று அட்டையில் அச்சிட்ட ஒன்று என வரிசையாக வாங்கினேன். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பெயரோ தயாரித்த தேதியோ இல்லாத குப்பிகளில் கறுப்புப் பொடியைப் பார்த்ததும் உண்டு. அதை மட்டும் தொடவில்லை. சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளில் ஈய சல்பைடு இருக்கக்கூடும் என்பதையும், ஈயச் சேர்மங்களை நிறத்துக்காகச் சேர்த்த ஒப்பனைப் பொருள்களுக்கு இந்தியாவில் தடை உண்டு என்பதையும் முன்பே படித்திருந்தேன். இடையில் ஒரு சிறு செய்தி: 1952-இல் தொடங்கப்பட்ட லாக்மே என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் பெயர் லட்சுமி என்பதன் பிரெஞ்சு வடிவம். புதுச்சேரிக்குத் தினமும் வந்துபோகும் எனக்கு அதைத் தெரிந்துகொள்ள இத்தனை வயதாயிற்று.

எதை வாங்கினாலும் எழுதும் முறையை நான் மாற்றவே இல்லை. கீழிமையைச் சற்றே இழுத்து, ரோமங்களுக்கு உட்புறம் இருக்கும் ஈரமான விளிம்பில் அம்மா எழுதியது போலவே எழுதினேன். நீர்புகாத மை அங்கே கூடுதல் நேரம் நின்றது உண்மை. ஆனால் மாலையில் கண் அரிக்கும். காலையில் எழும்போது இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கா மகளின் திருமணத்துக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது மேலிமையில் மிளகு அளவுக்கு ஒரு கண்கட்டி வந்தது. இரண்டே நாளில் அது பட்டாணி அளவாகி, இமை பாதி மூடிக்கொண்டது.

கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை நான் போகும் வழியிலேயே இருப்பதால், அன்று பாதி வழியில் இறங்கிக்கொண்டேன். இளம் மருத்துவர் விளக்குக் கருவியில் பார்த்துவிட்டு, என்ன மை என்று கேட்கவில்லை, "மை உள்ளே போடுறீங்களா, வெளியே போடுறீங்களாம்மா?" என்றுதான் கேட்டார். இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. அவை கசியவிடும் எண்ணெய்தான் கண்ணீர்ப் படலத்தின் மேல் பரவி, அது சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. நான் ஆண்டுக்கணக்கில் அந்த வாய்களின் மேலேயே மெழுகும் கரியும் பூசி அடைத்துக்கொண்டிருந்தேன். சுரப்பிகளுக்கு மைபோமியன் என்று பெயர் என அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1666-இல் அவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் மைபோமின் பெயர் அது; தமிழ் மைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கோடு ஏன் கலைந்தது என்பதும் அங்கேதான் விளங்கியது. உள்விளிம்பில் எழுதினால் ஒவ்வொரு இமைப்பிலும் கண்ணீரும் அந்த எண்ணெயும் மையைக் கரைத்துக் கீழே தள்ளிவிடும். விலை உயர்ந்த மையாக இருந்தாலும் அதுதான் நடக்கும். மருத்துவர் சொன்ன சிகிச்சை, பொறுக்கும் சூட்டில் வெந்நீர்த் துணி ஒத்தடம், நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம்; பிதுக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. உள்ளங்கையில் விரலைச் சூடு பறக்கத் தேய்த்துக் கண்கட்டியில் ஒற்றச் சொல்லும் பாட்டி வைத்தியம் ஏறக்குறைய இதே திசையில்தான் போயிருக்கிறது. வீக்கம் பன்னிரண்டு நாளில் வடிந்தது.

வீட்டுக்கு வந்து ஒப்பனைப் பெட்டியைத் தரையில் கொட்டினேன். இமை ரோமங்களுக்குப் பூசும் மஸ்காரா இரண்டு ஆண்டுகள் பழையது. உலர்ந்தபோதெல்லாம் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உயிர்ப்பித்திருந்தேன். மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாதாம். என்னுடையது எட்டு மஸ்காராக்களின் ஆயுளை வாழ்ந்திருந்தது. கண் சிவந்தால் விட்டுக்கொள்ள அலுவலகத்தோழி கொடுத்த சொட்டு மருந்தும் குப்பைக்குப் போயிற்று. அவ்வகை மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணைச் சில மணி நேரம் வெளுப்பாகக் காட்டும். தொடர்ந்து விட்டால், அதன் வேகம் தணிந்ததும் கண் முன்னைவிடச் சிவக்கும். அதற்குப் பதிலாக மருத்துவர் எழுதித் தந்தது வெறும் செயற்கைக் கண்ணீர். திறந்த ஒரு மாதத்தில் அதையும் எறிந்துவிட வேண்டும் என்பதால், திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதி வைக்கிறேன்.

ஒத்தடம் முடிந்து, மருத்துவர் சரியென்ற பிறகு, நீர்புகாத பென்சில் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். நேரு வீதியில் இருந்த கடைப்பெண் எல்லோரும் தொட்டுப் பார்க்கும் மாதிரிப் பென்சிலை என் இமையருகே கொண்டுவந்தார். பின்வாங்கிப் புறங்கையில் மட்டும் கீறிப் பார்த்தேன். இப்போது மேலிமையில் ரோமங்களுக்கு வெளியே, தோலின் மீது மட்டும் எழுதி, அதே நிற ஐஷேடோ பொடியை மெல்ல ஒற்றிவிடுகிறேன். கீழிமையை வெறுமையாக விட்டதும் முகம் முதலில் எனக்கே அந்நியமாகத் தெரிந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது; சாம்பல் பட்டை வருவதும் நின்றுபோயிற்று. இரவில் துடைப்பதுதான் உண்மையில் அதிக வேலை வாங்குகிறது. எண்ணெயும் நீரும் இரண்டு அடுக்காக நிற்கும் திரவத்தைக் குலுக்கிப் பஞ்சில் நனைத்து, மூடிய இமையின் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, தேய்க்காமல் கீழ்நோக்கி எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெயும் மையை எடுக்கிறது. ஆனால் கண்ணுக்குள் கசிந்து பார்வை மங்குவதால் நான் அதை விட்டுவிட்டேன். கண்ணடிக் கருமைக்கு வாங்கிய பூச்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கிய நாள்களில் அது நன்றாக வேலை செய்கிறது.

திருமணம் கடலூரை அடுத்த திருவந்திபுரம் கோயிலில் நடந்தது. முகூர்த்த நாளில் அந்த மலையடிவாரம் எப்படியிருக்கும் என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரியும்: ஒரே காலையில் எத்தனையோ மாலை மாற்றல்கள், எங்கும் ஓமப்புகை, மணப்பெண்களின் கண்ணில் நீர். அம்மா முதல் நாளே மை கூட்டிச் சிமிழில் கொண்டுவந்திருந்தார். பேத்தியின் கீழிமையை இழுக்கக் கையை நீட்டியவர், என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு சிமிழில் விரலைத் தொட்டு, அவள் காதுக்குப் பின்னால் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்.