பழைய மரப்படகுக்குக் கொட்டகை: முட்டு, இறவாரம், தரை

கேள்வி
நூறு வருடப் பலகைப் படகைக் காட்சிக்கு வைக்க மரத்தூணும் ஓட்டுக்கூரையுமாக ஒரு கொட்டகை. படகின் நீளம் 9 மீட்டர், அகலம் 2.2, உயரம் 1.4, எடை சுமார் 2 டன். மூன்று பக்கம் கண்ணாடி போடலாமா? இறவாரம் எவ்வளவு நீட்டணும்? அடியில் எத்தனை முட்டு?

ஆப்பு (பதில்)
கூரையை அப்புறம் பாருங்கள், முதலில் முட்டு. எடை முழுக்க ஏரா மரத்தில் (படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு மரம்) உட்காரணும், 1.2 மீட்டருக்கு ஒரு கட்டை. அணியம் (முன்முனை), அமரம் (பின்முனை) இரண்டின் தொங்கலுக்கும் தனி முட்டு. பக்கவாட்டு முட்டு படகு சாயாமல் பிடிக்க மட்டுமே. அதை வங்கு (பலகையை உள்ளிருந்து தாங்கும் விலா மரம்) இருக்கும் இடத்தில் கொடுங்கள். இரண்டு வங்குக்கு நடுவே கொடுத்தால் பலகை குழிந்துவிடும். ஆப்பைக் கையால் இறுக்கினால் போதும். ஏரா நெடுக நூல் கட்டி, நடுவில் நூலுக்கும் ஏராவுக்கும் உள்ள இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். மாறினால் முனை தொங்குகிறது.

ரசமட்டம் (பதில்)
சாய்மழையை 45 பாகை என்று வையுங்கள். சுற்றிலும் 1 மீட்டர் நடைவழி, தூணுக்கு வெளியே 1 மீட்டர் இறவாரம்: விளிம்பிலிருந்து படகு 2 மீட்டர் உள்ளே. விளிம்பு 3 மீட்டர் உயரமானால் படகின் பக்கம் தரையிலிருந்து 1 மீட்டர் வரை நனையும். 2.4க்கு இறக்கினால் 40 செ.மீ. வரைதான், படகு 50 செ.மீ. கட்டைமேல் இருந்தால் தப்பும். நீட்டுவதைவிடத் தாழ்த்துவது மலிவு.

பக்கம் திறந்த கூரையைக் காற்று அடியிலிருந்து தூக்கும். கைமரம் முதல் அடித்தளம் வரை ஒவ்வொரு மூட்டும் போல்ட்டில் இருக்கட்டும், ஆணியை நம்பாதீர்கள். தூண் அடி தரைக்கு 15 செ.மீ. மேலே இருக்கட்டும். அதைத் தாங்கும் இரும்புக் கிண்ணத்தில் வடிகால் ஓட்டை இல்லையென்றால் தூண் அங்கேதான் முதலில் உளுத்துப்போகும்.

கலப்பத்து (பதில்)
கண்ணாடி வேண்டவே வேண்டாம். வெயிலில் உள்ளே சூடேறிப் பலகை காயும், பொருத்து விரியும். அதைப் பார்த்துப் பதறி யாராவது கெட்டியாக இறுகும் புட்டியை (இடுக்கு அடைக்கும் பசை) அதில் அடைப்பார்கள். ஈரக்காலத்தில் பலகை ஊதும்போது போக இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கும், வங்கையே முறிக்கும். விரிந்தபடி விடுங்கள். வெயில் பக்கம் 2 செ.மீ. இடைவெளி விட்டு மரச்சட்டம் அடித்தால் நிழலும் காற்றும் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்
தரைக்கு சிமென்ட் போதுமா?

ரசமட்டம்
சிமென்டில் சாரல் தேங்கிக் கட்டையின் அடியை ஊறவைக்கும். 10 செ.மீ. ஜல்லி பரப்பி, கட்டைகளுக்குக் கீழே மட்டும் கான்கிரீட் மேடை. ஒரு முகப்பு உத்திரத்தைக் கழற்றும்படி வையுங்கள், படகை வெளியே எடுக்க அதுதான் வழி.