பைப் சேர்க்கும் ஆசை: கொழும்பில் நமக்குக் கிடைத்தவையும் கைநழுவிப் போனவையும்

வெள்ளவத்தை வாசி

புகைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, எங்கள் வீட்டிலும் யாருக்கும் இல்லை. ஆனால் புகையிலை புகைக்கிற பழைய பைப் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியாது. பார்த்த பிறகு வாங்காமல் வருவது அதைவிடக் கஷ்டம். இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவில், பித்தளைக் குத்துவிளக்கு, பழைய மணிக்கூடு, றேடியோப் பெட்டி என்று குவித்து வைத்திருக்கும் ஒரு நானாவின் கடைக்கு அடிக்கடி போவேன். அங்கே ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் துருப்பிடித்த சாவிகளுக்கும் உடைந்த பேனைகளுக்கும் அடியில் ஒரு பைப் கிடந்தது. வாய்த்துண்டு பச்சையும் மண்ணிறமுமாக மங்கியிருந்தது, புகையிலை போடும் கிண்ணத்துக்குள் சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்குக் கரி. "தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருத்தர்ட சாமான் தம்பி" என்றார் நானா. கொழும்பில் எந்தப் பைப்பையும் துரையுடையது என்று சொல்லித்தான் விற்பார்கள். சிலவேளை உண்மையாகவும் இருக்கலாம், 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது பங்களாக்களில் எத்தனையோ சாமான் கைமாறியிருக்கும். ஆனால் கதைக்கு நான் காசு கொடுப்பதில்லை. தண்டைச் சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சம் சாய்வாக விழும் பக்கம் பிடித்துப் பார்த்தேன். வெள்ளி வளையத்தில் கடுகு அளவில் மூன்று முத்திரை: ஒரு காலைத் தூக்கி நடக்கிற சிங்கம், ஒரு நங்கூரம், ஒரு ஆங்கில எழுத்து.

அதற்கு மேல் நான் விலை பேசவே இல்லை. சிங்கம் இருந்தால் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. நங்கூரம் என்றால் அந்த வெள்ளியை இங்கிலாந்தில் பர்மிங்காமில் சோதித்தது. எழுத்துத்தான் ஆண்டு. அது ஒவ்வொரு ஆண்டும் மாறும், ஒரு சுற்று முடிந்ததும் எழுத்தின் சாயலும் அதைச் சுற்றிய சட்டத்தின் வடிவமும் மாறும், அதனால் எழுத்தை மட்டும் அல்ல, அது எந்தச் சாயலில் எந்தச் சட்டத்துக்குள் நிற்கிறது என்பதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நங்கூரத்துக்குப் பதில் சிறுத்தைத் தலை என்றால் லண்டன். மூன்று கோதுமைக் கட்டும் ஒரு வாளும் என்றால் செஸ்டர். அந்தச் சோதனைக்கூடம் 1962 இல் மூடிவிட்டது, ஆகவே அந்த வளையம் அதற்குப் பிந்தியதாக இருக்கவே முடியாது.

வெள்ளி இல்லாத பைப்பும் பேசும். டன்ஹில் பைப்பின் வாய்த்துண்டில் மேல்பக்கம் எது என்று காட்ட வைத்த வெள்ளைப் புள்ளி பிறகு அந்தக் கம்பனியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தண்டில் இங்கிலாந்தில் செய்தது என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலக்கம் இருக்கும், அதிலிருந்து செய்த ஆண்டைக் கணக்கிடலாம். ஒரே இலக்கம் வேறு வேறு பத்தாண்டுகளில் திரும்ப வருவதால் காப்புரிமை எண் குத்தியிருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றும் ஒரு விடுகதை. விடை கிடைத்த அன்றே மனம் அடுத்ததைத் தேடத் தொடங்கிவிடுகிறது. இந்த ஆசையின் ஊற்று அங்கேதான் என்பது என் எண்ணம், சாமான் மேல் உள்ள பேராசை என்று நான் நினைக்கவில்லை.

அதனால்தான் மொத்தமாக ஒரு பெட்டி பைப் வாங்கி அலுமாரியில் அடுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. தெரிந்த ஒருவர் வீட்டில் அப்படி ஒரு அலுமாரி இருக்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, எல்லாம் வடிவு. ஒன்றை எடுத்து இது எங்கே செய்தது அண்ணா என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை, ஆனால் அடுத்த பெட்டிக்கு முற்பணம் கட்டியிருந்தார்.

என் வழி இதுதான். துப்புரவு செய்யாத பைப் ஒன்று வீட்டில் இருக்கும்வரை அடுத்ததை வாங்குவதில்லை. ஆசையை அடக்கு என்று மனதுக்குச் சொல்லிப் பயன் இல்லை, கைக்கு வேலை கொடுத்தால் அது தானாக ஆறுகிறது. வேலையும் லேசானது இல்லை. கிண்ணத்துக்குள் இருக்கும் கரியை மெதுவாகச் சுரண்ட வேண்டும், அடியோடு மரம் தெரியச் சுரண்டக்கூடாது, மெல்லிய படை ஒன்று நின்றால் உள் சுவருக்கு நல்லது. அப்புறம் கிண்ணத்தில் உப்பை நிரப்பி, மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரோபைல் அல்கஹோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு இரவு வைத்தால், காலையில் உப்பு தேயிலைச் சாயத்தில் மாறியிருக்கும். எத்தனையோ வருஷத் தார் அது. அல்கஹோல் வெளிப்பக்கம் வழிந்தால் பூச்சு போய்விடும், கவனம்.

வாய்த்துண்டுக்குத்தான் பொறுமை வேண்டும். பழைய பைப்பில் அது வல்கனைட், ரப்பரில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய பொருள். வெளிச்சமும் ஈரக்காற்றும் பட்டால் கந்தகம் மேலே வந்து பச்சை மண்ணிறமாகும், வாயில் வைத்தால் குமட்டும். நம் கொழும்புக் காற்றுக்கு இது சீக்கிரம் நடக்கும். மோட்டருக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் பாவிக்கும் வோட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால், சொரசொரப்பான 400 ஆம் இலக்கத்தில் தொடங்கி மென்மையான 2000 வரை, தண்ணீர் தொட்டுத் தொட்டு ஒரே பக்கமாகத் தேய்க்கிறேன். கறுப்பு திரும்பி வரும்போது என் முகமே அதில் தெரியும். ஹெனரத்கொடையில் 1876 இல் நட்ட கன்றுகளோடு ரப்பர் இந்த நாட்டுக்கு வந்த கதை தேய்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும். ஒன்று மட்டும்: எழுத்துக் குத்திய இடத்தில் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். எழுத்துப் போனால் அந்தப் பைப் ஊமை.

கொட்டாஞ்சேனை

அண்ணா, நீங்கள் வெள்ளி வளையம் என்று எழுதியதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் செட்டியார் தெருவில் நகை செய்கிற பத்தறையில் வேலை பழகியவன். பழைய வெள்ளி உருக்கக் கொண்டுவருகிற ஆட்கள் கொலுசு, குங்குமச் சிமிழ், கரண்டியோடு பைப்பும் கொண்டுவருவார்கள். குறட்டால் வளையத்தை ஒரு நெரி, கழன்றுவிடும். தராசில் போட்டால் சில கிராம், அதுவும் உள்ளே ஒட்டியிருந்த பசையைச் சேர்த்து. மரம் குப்பைக் கூடைக்குப் போகும். அந்தக் கூடையிலிருந்து நான் எடுத்து வைத்தவைதான் என்னிடம் இருக்கும் எல்லாப் பைப்பும். வளையம் போன இடத்தில் மரம் வெளிறி இருக்கும், தண்டில் கீறல் ஓடியிருக்கும். இப்போது சொந்தமாகத் தொழில் செய்கிறேன், அப்படி வருகிற பைப்பை உருக்குக் கூலி பேசாமல் வெள்ளியின் விலையைக் கொடுத்து முழுதாக வாங்கிவிடுகிறேன். சேர்க்கிற ஆசை என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஆள் பிரையர் வேரைத் தோண்டி எடுத்து, பல மணி நேரம் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, கடைந்து செய்த வேலை. மத்தியதரைக் கடலோரத்துப் புதர் அது, கிண்ணம் ஆகிற அளவுக்கு வேர்முடிச்சு பருக்கவே பல பத்து வருஷம் எடுக்கும். கைவேலை செய்கிற எவனும் அதைக் கூடையில் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான்.

மருதானை ரசிகன்

நான் வெளிநாட்டு ஏலத்தில் இணையம் வழியாக எடுப்பவன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 வரை போனபோது என் கை தானாக நின்றது. நின்ற பிறகுதான் துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டி எடுக்கும் மீர்ஷாம் கல்லுப் பைப் இரண்டை ஒழுங்காகப் பார்த்தேன். காய்ந்த கல் தண்ணீரில் மிதக்கும் என்று படித்திருந்தேன், பைப்பை மிதக்கவிட மனம் வரவில்லை. தேன்மெழுகு பூசிய அந்த வெள்ளை, புகைக்கப் புகைக்க மஞ்சளாகி மண்ணிறமாகும். என்னுடையது ஒன்றில் கழுத்தடியில் மட்டும் தேன் நிறம் ஏறி மேலே வெள்ளையாகவே நிற்கிறது, அதாவது யாரோ கொஞ்ச நாள் புகைத்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். ஏன் நிறுத்தினார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது டொலர் இறங்கினாலும் பழைய வேகம் வரவில்லை, மாதம் ஒன்று என்ற கணக்கை விட்டுவிட்டேன்.

தெஹிவளை மகள்

நான் சேர்க்கிறவள் இல்லை. அப்பா சேர்த்தார், புகைக்கவும் செய்தார். கடைசியில் வாய்ப் புற்றுநோய். இந்த நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் அதுதான் என்று மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தெரிந்துகொண்டோம். அதனால் பைப்பை மினுக்கி வைப்பதைப் பற்றி நீங்கள் ஆசையாக எழுதும்போது எனக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. அம்மா எல்லாவற்றையும் எறியச் சொன்னார். நான் லாச்சியோடு தூக்கி என் அறையில் வைத்தேன். மழைக்காலத்தில் திறந்து பார்த்தால் கிண்ணங்களின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது, துடைத்துவிட்டுப் பழைய மருந்துப் போத்தல்களுக்குள் இருந்த சிலிக்காப் பொட்டலங்களைப் போட்டு வைத்திருக்கிறேன், இப்போது பரவாயில்லை. வாசம் மட்டும் போகவில்லை. போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விலை சொன்னார். ஒன்றை மட்டும் தனியாக எடுத்து, "இதில் வெள்ளி மூடி இருக்கு பிள்ளை, உருக்கினாலே காசு" என்றார். வளைந்த பைப், தண்டு முனையில் மூடி போட்ட மாதிரி உலோகம். வாய்த்துண்டின் துளை நுனியில் இல்லாமல் மேல்பக்கம் பார்த்து இருக்கிறது. மூடியில் மூன்று சின்னம் இருக்கிறது. கொட்டாஞ்சேனை அண்ணா எழுதியதை வாசித்த பிறகு விற்கப் பயமாக இருக்கிறது. இது என்ன பைப், ஐயா?

வெள்ளவத்தை வாசி

தங்கச்சி, அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. என்னிடம் இருக்கும் எதிலும் ஒருநாளும் நெருப்பு வைத்ததில்லை, வைக்கவும் மாட்டேன். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதையும் மூடிய பொது இடங்களில் புகைப்பதையும் தடுத்தது நல்ல வேலை என்றே சொல்வேன். செய்த கையை மதிப்பதற்குப் புகையை மதிக்கத் தேவையில்லை.

உங்கள் பைப் டப்ளினில் செய்த பீட்டர்சன் ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். துளை மேல்பக்கம் பார்ப்பது அவர்களுடைய ஏற்பாடு, 1898 இல் காப்புரிமை எடுத்தது. புகை நேரே நாக்கில் அடிக்காமல் அண்ணத்துக்குப் போகும். கிண்ணத்துக்குப் பின்னால் தண்டுக்குள் ஒரு சின்னக் குழி இருக்கிறதா என்று பாருங்கள், ஈரம் அங்கே தங்கும், அது 1890 ஆம் ஆண்டுக் காப்புரிமை. தண்டில் அயர்லாந்துக் குடியரசு என்று குத்தியிருந்தால் 1949 க்குப் பிந்தியது.

அந்த மூன்று சின்னத்தையும் வடிவாகப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் பெண்ணும் முடி வைத்த யாழும் ஒரு எழுத்தும் என்றால் உண்மையான டப்ளின் வெள்ளி முத்திரை. மூவிலைச் செடியும் நாயும் வட்டக் கோபுரமும் என்றால் அது நிக்கல், வெள்ளி இல்லை, அந்தக் கம்பனி தானே குத்துகிற அடையாளம் அது.

தெஹிவளை மகள்

பூதக்கண்ணாடி இல்லை, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை, நாய், கோபுரம். தண்டில் குடியரசு என்றும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை

நிக்கல் என்றால் உருக்குகிறவன் யாரும் அதைத் தேடி வரமாட்டான், தங்கச்சி, பயப்படாமல் வைத்திருங்கள். மூடி மங்கியிருந்தால் வெள்ளி மினுக்குகிற பொடி போடாதீர்கள், மெல்லிய பருத்தித் துணி போதும். மற்றவற்றில் வெள்ளி வளையம் ஏதும் இருந்தால் படத்தைப் போடுங்கள், வெள்ளவத்தை அண்ணா ஆண்டைச் சொல்லுவார். கழன்று ஆடுகிற வளையம் இருந்தால் கடைக்குக் கொண்டு வாங்க, காசு இல்லாமலே இறுக்கித் தருகிறேன்.