நாக்பூர் குறுகிய பாதை அருங்காட்சியகம்: அங்கேயே இருக்கட்டுமா, டெல்லிக்குப் போகட்டுமா?

கரிமூட்டம்:
நாக்பூர் மோதிபாக்கில் இருக்கும் குறுகிய பாதை ரயில் அருங்காட்சியகத்தை நினைத்தால் கவலையாக இருக்கிறது. 2002 டிசம்பரில் அதைத் திறந்தபோது வெளியே பாதை உயிரோடு இருந்தது. உள்ளே பழைய எஞ்சினைப் பார்த்துவிட்டு, அதே 762 மில்லிமீட்டர் பாதையில் சிந்த்வாடாவுக்கு வண்டி ஏறலாம். அகலப்பாதை போடுவதற்காக 2015-இல் அந்தப் பாதை போயிற்று; 2019-இல் நாக்பீட் பாதையும் போயிற்று. சுற்றிலும் குறுகிய பாதையே இல்லாத ஊரில் இந்த எஞ்சின்களுக்கு என்ன வேலை? நல்லவற்றை டெல்லி சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விடலாம். 1977 முதல் நடக்கும் இடம். நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் வருகிறது.

நைன்பூர் பேரன்:
இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன் ஐயா. என் தாத்தா தஞ்சாவூர்க்காரர். மத்தியப் பிரதேசத்து நைன்பூரில் ஃபயர்மேனாக, அதாவது நீராவி எஞ்சினுக்குக் கரி போடுபவராக இருந்தார். ஜபல்பூர், கோந்தியா, சிந்த்வாடா, மண்ட்லா என்று நான்கு பக்கமும் குறுகிய பாதை பிரிந்த சந்திப்பு அது. சிறுவயதில் நான் காலை அகட்டித் தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் மிதித்து நிற்பேன். பாதை எவ்வளவு ஒடுக்கம் என்பதை என் காலே சொல்லும். சாத்புரா மலைக்காட்டின் வளைவுகளில் அந்த ஒடுக்கம்தான் செலவைக் குறைத்தது. அந்த மண்ணைவிட்டு எஞ்சினைப் பிரித்தால், டெல்லியில் அது சின்னதாக இருக்கும் ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான்.

கரிமூட்டம்:
உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் பாசம் துருவைத் தடுக்காது. தெற்கே ஒரு ரயில் நிலைய வாசலில் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) எஞ்சின் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். கருப்பும் சிவப்புமாகப் பளபளக்கிறது. குனிந்து சாம்பல் பெட்டியின் அடியைத் தொட்டேன்; விரல் உள்ளே போய்விட்டது. அவரவர் ஊரிலேயே இருக்கட்டும் என்று விட்டதன் பலன் இது. வெயிலிலும் மழையிலும் நிற்கிற இரும்புக்கு ஊர்ப்பற்று கூரை போடாது.

ரேவதி, பொன்மலை:
இருவருமே எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள். அதைத் தெரிந்த ஆட்கள்? நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். அது மீட்டர் கேஜ்தான், ஆனாலும் பாடம் அங்கே இருக்கிறது. அந்தப் பாதையில் வண்டி ஓடுவதால்தான் எங்கள் பொன்மலைப் பணிமனையில் இந்த நூற்றாண்டிலும் புதிய நீராவி எஞ்சின் கட்டினார்கள். கொதிகலனைத் தட்டி, சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்கிற கை ஓடுகிற வண்டியால்தான் பிழைக்கும். நாக்பூரில் ஒரே ஒரு எஞ்சினையாவது ஆண்டுக்குச் சில நாள், வளாகத்துக்குள் நூறு மீட்டராவது, நீராவியில் நகர்த்த வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
நல்ல ஆசைதான், பணம் யார் தருவது? ஒரு கொதிகலனைச் சோதித்துச் சான்று வாங்குவதே பெரிய செலவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைன்பூர் வழியாக அகலப்பாதை வந்ததில் தவறே இல்லை. ஜபல்பூரிலிருந்து தெற்கே வர இட்டார்சியைச் சுற்ற வேண்டிய அவசியம் போய்விட்டது. அந்த வழியில் இருக்கும் பாலாகாட்டு மக்களுக்கு நேர்வழி கிடைத்தது. அவர்கள் பழைய வண்டிக்காக அழ வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது.

நைன்பூர் பேரன்:
அகலப்பாதையை நான் எதிர்க்கவில்லை. அந்த மக்கள் அத்தனை ஆண்டுகள் மெதுவான வண்டியில் போனார்கள். வேகம் அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தாத்தா ஏறிய பெட்டியைப் பார்க்க டெல்லிக்கா போவார்கள்? நாக்பூர் என்றால் ஒரு நாளில் போய்த் திரும்பலாம்.

ரேவதி அவர்கள் சொன்னது என்னைத் தைத்துவிட்டது. தாத்தா போய்விட்டார், ஆனால் அவருடன் வேலை பார்த்த ஒருவர் எண்பதைத் தாண்டி இன்னும் நைன்பூரில் இருக்கிறார். ஏற்றத்தில் எத்தனை மண்வெட்டிக் கரி, எந்த வளைவில் எவ்வளவு நீராவி என்று கை ஜாடையோடு சொல்வார். தீபாவளிக்குப் போகும்போது அவரைப் பேச வைத்துப் பதிவு செய்யப் போகிறேன். அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பேன்.

கரிமூட்டம்:
பதிவு செய்யுங்கள், எனக்கும் ஒரு பிரதி வேண்டும். கரி போட்ட கணக்கை மட்டும் விடாமல் கேட்டுவிடுங்கள். அது எந்தக் கையேட்டிலும் இருக்காது. எஞ்சின் விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. மோதிபாக்கில் எல்லாவற்றையும் கூரைக்குள் நிறுத்த முடியும் என்று யாராவது காட்டினால், டெல்லிப் பேச்சை அன்றே விடுகிறேன்.